இரும்புச் சத்து மாத்திரை மாசக்கணக்கா போட்டும் ஹீமோகுளோபின் ஏறல, ஏன்?

தேனிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்காகக் கேக்கறேன். வயசு 31, ரெண்டு குழந்தைங்க. படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடக்குது, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. ரத்தம் பாத்ததுல ஹீமோகுளோபின் 8.2. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதினார். மாசக்கணக்கா விடாம போடறா. மறுபடி பாத்தா 8.5 தான். அவ மாமியார் தினமும் பீட்ரூட் ஜூஸ், மாதுளம்பழம், பேரீச்சம்பழம்னு பாத்துப் பாத்துக் குடுக்கறாங்க. அப்படியும் ஏறலையேன்னு வீடே கவலையில இருக்கு. சிலர் ஊசி போட்டா சரியாகும்ங்கறாங்க, சிலர் மாத்திரைய விட்டுட்டு முருங்கைக்கீரை மட்டும் சாப்பிடச் சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்வாசம்

சகோதரி, மாத்திரையை நிறுத்துங்கள். நம் முன்னோர் எந்த மாத்திரை சாப்பிட்டார்கள்? முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கம்பங்கூழ், இரும்புச் சட்டியில் சமையல் போதும். செயற்கை இரும்பு உடம்பில் ஒட்டாது. அதனால்தான் மலம் கறுப்பாகப் போகிறது.

ஓய்வுபெற்ற_செவிலியர்

தேனிக்காரி, மாத்திரைய நிறுத்த வேண்டாம். முதல்ல நாலு கேள்வி. மாத்திரைய எந்த நேரத்துல, எதோட போடறா? கால்சியத்தையும் சேர்த்தே போடறாளா? காப்பி, டீ எப்பக் குடிப்பா? மாதவிடாய் எத்தனை நாள், கட்டி கட்டியா போகுதா? இன்னொன்னு, கூச்சப்படாம கேட்டுப் பாருங்க: பச்சரிசி, விபூதி, சாக்பீஸ், ஐஸ்கட்டி இதுல எதையாச்சும் மெல்லணும்னு தோணுதா?

நான் கிராம சுகாதாரச் செவிலியரா வேலை பாத்து ஓய்வு பெற்றவ. "மாத்திரை போட்டும் ஏறல"ன்னு வர்ற பொண்ணுங்கள்ல நிறைய பேருக்கு மாத்திரைல குறை இருக்காது. அது வயித்துல போய்ச் சேர்ற நேரத்துலதான் குறை இருக்கும்.

தேனிக்காரி

அவகிட்ட ஃபோன்ல கேட்டேன் அக்கா. காலைல இட்லி சாப்பிட்டதும் ரெண்டு மாத்திரையையும் ஒண்ணா போட்டுட்டு, உடனே காப்பி குடிப்பாளாம். மாத்திரை வாசனை குமட்டுதுன்னு சில நாள் காப்பியிலயே விழுங்கியிருக்கா. இப்படிப் போடக்கூடாதுன்னு யாரும் சொல்லல. மாதவிடாய் ஏழெட்டு நாள் இருக்கும், முதல் மூணு நாள் ரொம்ப அதிகம். பச்சரிசி... ஆமாக்கா. அரிசி டப்பாவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பிடி வாய்ல போட்டுக்குவா. சின்ன வயசுப் பழக்கம்னு நாங்க கண்டுக்கல.

ஓய்வுபெற்ற_செவிலியர்

அந்தப் பழக்கமே ஒரு அறிகுறி. இரும்பு குறைஞ்ச உடம்பு அரிசி, மண், ஐஸ்னு தேடும். இரும்பு ஏறினா அந்த ஆசை பெரும்பாலும் தானா அடங்கிடும். யாரும் அவளைத் திட்ட வேண்டாம்.

இப்ப காப்பிக்கு வரேன். காப்பி, டீயில இருக்கற பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், குடல் சுவர் வழியா உள்ள விடாது. 1983-ல வந்த ஒரு ஆய்வுல, சாப்பாட்டோட காப்பி குடிச்சவங்களுக்கு இரும்பு உறிஞ்சறது 39 சதவீதம் குறைஞ்சுது, டீ குடிச்சவங்களுக்கு 64 சதவீதம். அதே ஆய்வுல இன்னொன்னும் பாத்தாங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காப்பி குடிச்சா பாதிப்பு இல்ல. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சாலோ கூடவே குடிச்ச அளவுக்கு இழப்பு. "ஒரு மணி நேரம் தள்ளிக் குடிம்மா"ன்னு நாம சொல்றதுல முன்னாடியா பின்னாடியாங்கறதுதான் முக்கியம். நான் ரெண்டு மணி நேர இடைவெளி சொல்லுவேன்.

கால்சியமும் இரும்பைத் தடுக்கும். ரெண்டையும் ஒண்ணா விழுங்கினா மாத்திரை ரெண்டு, பலன் ஒண்ணுக்கும் குறைவு. பால், தயிர், வயித்தெரிச்சல் மருந்து எல்லாத்துக்கும் இது பொருந்தும். இரும்பு உள்ள போக வயித்துல அமிலம் வேணும்.

என் யோசனை: காலைல வெறும் வயித்துல தண்ணியோட மாத்திரை, கூடவே எலுமிச்சை ஜூஸோ பாதி நெல்லிக்காயோ. அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு இட்லி. காப்பி பதினோரு மணிக்கு. வெறும் வயிறு ஒத்துக்கலன்னா ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போடட்டும்.

யாழ்_வடலி

வணக்கம் அக்கா. இதை வாசிக்கேக்கை என்ட அம்மாவைத்தான் நினைச்சனான். நாங்கள் சோறு சாப்பிட்ட கையோட பிளேன் டீ குடிக்கிற ஆக்கள். அம்மாவுக்கும் ரத்தம் குறைவெண்டு கிளினிக்கில குளிசை குடுத்தவை. தேத்தண்ணியோடதான் போடுறவா. பால் விடாத தேத்தண்ணி எண்டால் பிரச்சினை இல்லைத்தானே?

ஓய்வுபெற்ற_செவிலியர்

பால் இல்லாட்டியும் அதேதான் தம்பி. தடுக்கறது தேயிலை. சாயம் கடுமையா இருந்தா தடுப்பும் அதிகம். அம்மாவைத் தேத்தண்ணியை விடச் சொல்ல வேண்டாம், மாத்திரையையும் சாப்பாட்டையும் விட்டுத் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்க.

மண்வாசம்

மருந்துக் கம்பெனிகளுக்கு வசதியான பதில். கீரையில் இல்லாத இரும்பா?

ஆய்வகத்துக்காரன்

மண்வாசம் ஐயா, கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்தத் தங்கைக்கு உடம்பில் 4 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 8 கிராமில் இருந்து 12-க்கு ஏற்ற வேண்டுமானால் 160 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக உருவாக வேண்டும். அதற்கு 540 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு தேவை. காலியாகிப்போன கையிருப்பை நிரப்ப வேண்டியது தனி.

100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் 4 முதல் 5 மி.கி. இரும்பு. தாவர இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது 2 முதல் 20 சதவீதம் வரை. கீரையில் அது கீழ்க்கோடியில்தான் நிற்கும். ஐந்து சதவீதம் என்றே வையுங்கள், கால் மில்லிகிராம்கூடத் தேறாது. நம் உடம்பு தோல், குடல் வழியே நாளுக்குச் சுமார் 1 மி.கி. இரும்பை இழக்கிறது. மாதவிடாய் 80 மில்லியைத் தாண்டினால் ஒவ்வொரு மாதமும் இன்னொரு 30 மி.கி. போகும். கீரை மட்டும் சாப்பிட்டு இந்தப் பள்ளம் நிரம்பாது.

மலம் கறுப்பது, உறிஞ்சப்படாத மிச்ச இரும்பு வெளியேறுவதால். மாத்திரை போடும் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மி.கி. இரும்புகூடக் கிடையாது, மாதுளையில் அதைவிடக் குறைவு. இரண்டும் நல்ல உணவுதான். நிறத்தை வைத்து ரத்தம் ஊறும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

மண்வாசம்

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அந்த நிலைக்கு வராமல் காப்பது உணவுதானே? அதை ஏன் யாரும் பேசுவதில்லை? இரும்புச் சட்டியை ஒழித்துவிட்டு நான்ஸ்டிக் வாங்கினோம்.

ஓய்வுபெற்ற_செவிலியர்

அதுல உங்களோட நான் முழுசா ஒத்துப்போறேன் ஐயா. இரும்புச் சட்டியில புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வச்சா புளிப்பு சட்டியில இருந்து கொஞ்சம் இரும்பை இழுத்து உணவுல சேர்க்கும். கீரை சாப்பிடற அன்னிக்கு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காய்த் துவையலோ சேர்த்தா அதே கீரையில இருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். வைட்டமின் சி இரும்பைக் கரையற வடிவத்துக்கு மாத்தி வச்சுக்கும். கொய்யாவுல 100 கிராமுக்கு 200 மி.கி.க்கு மேல வைட்டமின் சி இருக்கு, ஆரஞ்சுல அதுல கால்வாசிதான். நம்ம தெருவுல கூடையில வர்ற பழம்.

அசைவம் சாப்பிடறவங்களுக்கு சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், ரத்தப் பொரியல். மாமிசத்துல இருக்கற இரும்பு வேற வடிவம், 15 முதல் 35 சதவீதம் வரை உள்ள போகும், காப்பியும் அதை அவ்வளவா தடுக்காது. கர்ப்பிணிங்க மட்டும் ஈரலை அளவா வச்சுக்கணும், அதுல வைட்டமின் ஏ மிக அதிகம்.

இதெல்லாம் பள்ளம் விழாம காக்கற வழி. விழுந்த பள்ளத்தைத் தூக்க மாத்திரை வேணும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை. இத்தனை கீரை விளையற ஊர்ல!

கோவை_தம்பி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சுத்த சைவம். ஹீமோகுளோபின் 9.6 என்று வந்ததும் பக்கத்துக் கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்தேன். முன்னேற்றமே இல்லை. இப்போது பாதம் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது என்கிறார். சர்க்கரையால் வந்ததுதானா?

ஆய்வகத்துக்காரன்

ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து எம்சிவி என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-லிருந்து 100 வரை சாதாரணம்.

கோவை_தம்பி

108 என்று போட்டிருக்கிறது. யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆய்வகத்துக்காரன்

அப்படியானால் இது இரும்புக் குறைவு போலத் தெரியவில்லை. இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும், எம்சிவி 80-க்குக் கீழே இறங்கும். பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) குறைந்தால் அணுக்கள் பெருத்துப்போகும். தைராய்டு, கல்லீரல் கோளாறிலும் பெருக்கலாம். ஆனால் சுத்த சைவம், நீண்டகால மெட்ஃபார்மின் இரண்டும் சேர்ந்திருப்பதால் முதலில் பி12 பாருங்கள். செடிகொடிகளில் பி12 கிடையாது. மெட்ஃபார்மின் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நாளுக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம்தான் தேவை, கல்லீரலில் வருடக்கணக்கில் கையிருப்பு நிற்கும். அதனால்தான் குறைபாடு மெதுவாக, யாருக்கும் தெரியாமல் வருகிறது.

பாதம் மரப்பு சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். சர்க்கரை என்று நினைத்து விட்டுவிட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். இதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நீங்களாக ஃபோலிக் அமில மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்த எண் ஏறி எல்லாம் சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

எம்சிவி குறைவாக வரும் எல்லாமே இரும்புக் குறைவும் அல்ல. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணு ஒன்றைச் சுமப்பவர்களுக்கும் அணு சிறுத்திருக்கும், அவர்களுக்கு இரும்பு கொடுத்து ஏறாது. அதனால் தேனிக்காரி, உங்கள் தங்கைக்கு ஃபெரிட்டின் பரிசோதனை செய்தார்களா என்று பாருங்கள். கையிருப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அது சொல்லும்.

பழைய_ஏடு

பெருத்த அணு ரத்தசோகை என்றதும் ஒரு வரலாறு. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அங்கே 1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வேலை செய்தார். அதற்கு முன் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடம் இந்தப் பெருத்த அணு ரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இருந்தார். இரும்பு கொடுத்தாலும் அந்தப் பெண்களுக்கு ஏறவில்லை. ஈஸ்ட் சாறு கொடுத்தபோது ஏறியது. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு வில்ஸ் காரணி என்று பெயர் வந்தது. அதுதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது.

குன்னூருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ராபர்ட் மக்காரிசன் 1918-ல் அங்கே ஒரே அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய், காரணம் வைட்டமின் பி1 குறைவு. நெல்லைப் புழுக்கும்போது உமி, தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். அந்த ஒரு அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நம் ஊரில் நடந்த இந்த வேலையைப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓய்வுபெற்ற_செவிலியர்

இது எனக்கே புதுசு ஐயா, நன்றி. கர்ப்பிணிகளுக்கு தினம் ஒண்ணுன்னு நாங்க குடுத்த சிவப்பு மாத்திரை, பள்ளிக்கூடத்துல பெரிய பிள்ளைங்களுக்கு வாரம் ஒண்ணுன்னு குடுக்கற நீல மாத்திரை, ரெண்டுலயும் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் சேர்ந்தே இருக்கும். அந்த ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னாடி கோஷா ஆஸ்பத்திரிப் பெண்கள் இருக்காங்கன்னு இப்பதான் தெரியுது.

நித்யா_ஓசூர்

ஒரு சந்தேகம். எனக்கு ஆறாம் மாதம். கர்ப்பத்துக்கு முன் 12.4 இருந்தது, இப்போது 10.8. நிறைய தண்ணீர் குடிப்பதால் ரத்தம் நீர்த்துப்போகிறது, தண்ணீரைக் குறை என்று உறவினர் சொல்கிறார். உண்மையா?

ஆய்வகத்துக்காரன்

தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நீர்த்துப்போவது உண்மை, காரணம் நீங்கள் குடிக்கும் தண்ணீர் அல்ல. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கர்ப்ப காலத்தில் உடம்பே அதைக் கிட்டத்தட்ட பாதி அளவு கூட்டிக்கொள்ளும். சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடாது. அதனால் எண் இறங்கும். அதற்காகத்தான் மற்றப் பெண்களுக்கு 12 என்று வைத்த எல்லையை உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு 11 என்றும், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களுக்கு 10.5 என்றும் வைத்திருக்கிறது. ஆறாம் மாதத்தில் 10.8 பயப்பட வேண்டிய எண் அல்ல, ஆனால் மாத்திரையை விடாதீர்கள்.

குடிக்கும் தண்ணீர் கூடினால் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். தண்ணீர் குறைந்தால்தான் சிக்கல், ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமோகுளோபின் பொய்யாக ஏறியது போலக் காட்டும். வாந்தி பேதி முடிந்த கையோடு ரத்தம் கொடுக்க வருபவர்களிடம் இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_செவிலியர்

இரும்பு மாத்திரை மலச்சிக்கல் பண்ணும், அதுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ரகசியமா நிறுத்தறாங்க. அதனால தண்ணி இன்னும் கொஞ்சம் கூடுதலாவே குடிங்க நித்யா. சிறுநீர் வெளிர் மஞ்சளா போனா போதுமான தண்ணி இருக்குன்னு அர்த்தம்.

பென்னாகரம்

தண்ணீர் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரில் இருக்கிற தாதுவே நோயாக வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டி வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போகும். என் தாத்தா தலைமுறையில் நிமிர முடியாமல் நடந்தவர்கள் பலர். காய்ச்சினால் சரியாகும் என்று நினைத்துக் காய்ச்சினார்கள். காய்ச்சினால் நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் 2013-ல் குழாயில் வந்தபோது அது எங்களுக்கு மருந்து மாதிரி. ஆர்ஓ வேண்டாம், சத்து போய்விடும் என்று பொதுவாக எழுதுகிறவர்கள் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருந்தாளுநர்_திருச்சி

சரியாகச் சொன்னீர்கள். ஆர்ஓ எடுக்கும் கால்சியம், மக்னீசியத்தை ராகி, எள், தயிர், கீரையில் ஈடு செய்துகொள்ளலாம். 100 கிராம் ராகியில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம். ஃபுளோரைடு தின்ற எலும்பை ஈடு செய்ய முடியாது.

கடையில் நான் நித்தம் பார்ப்பது ஒன்று. வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று என்று எழுதியிருப்பதைத் தினம் ஒன்றாக வாங்கிப் போகிறார்கள். வைட்டமின்தானே, கூடினால் நல்லது என்ற எண்ணம். பி, சி வகைகள் தண்ணீரில் கரையும், மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, இ, கே கொழுப்பில் கரைந்து உடம்பில் சேரும். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, அடங்காத தாகம், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. சீட்டில் இருப்பதை ஒரு முறை என்னைப் போன்றவர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

தேனிக்காரி

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி தாளைப் பாத்தேன், எம்சிவி 68, ஃபெரிட்டின் இதுவரை பாக்கல. மாத்திரைய இனி காப்பிய விட்டுத் தள்ளிப் போடச் சொல்லிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா நல்லதுன்னு எங்கயோ படிச்சேன், அது சரியா?

மருந்தாளுநர்_திருச்சி

அடிப்படை இருக்கிறது. 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அது ஒரு நாள் அளவுக்குக் குடல் கதவைச் சாத்தி வைக்கும். 2017-ல் சூரிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், தினம் போட்ட பெண்களுக்கு 16 சதவீதமும் ஒரு நாள் விட்டுப் போட்டவர்களுக்கு 22 சதவீதமும் இரும்பு உள்ளே போனது. வயிற்றுத் தொல்லை தாங்காதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு ரத்தசோகை கடுமையாக இல்லை. 8.5-ல் இருப்பவருக்கு எது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும், கர்ப்பிணிகள் நாமாக மாற்றவே கூடாது. கால்சியத்தை நிறுத்த வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினால் போதும்.

ஓய்வுபெற்ற_செவிலியர்

ஃபெரிட்டினோட ஒரு ஸ்கேனும் கேளுங்கம்மா. ஏழெட்டு நாள் அதிகமா போகுதுன்னா கர்ப்பப்பையில நார்க்கட்டி இருக்கான்னு பாக்கணும். போற ரத்தத்தை நிறுத்தாம மேல மேல இரும்பு குடுத்தா நிக்காது. கொல்லையில, வயல்ல செருப்பில்லாம நடக்கறவளா இருந்தா கொக்கிப்புழுவுக்கும் மாத்திரை கேளுங்க.

சரியா போட்டா மூணு நாலு வாரத்துல சுமார் 2 கிராம் ஏறணும். ஏறலன்னா ஊசி பத்தி அப்ப டாக்டர்கிட்ட பேசலாம். 12 வந்த உடனே நிறுத்திடாதீங்க, கையிருப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் போடணும். பாதிப் பேருக்கு அடுத்த வருஷமே மறுபடி இறங்கறது இங்க விட்டதாலதான்.

தேனிக்காரி

வியாழக்கிழமை பெண்கள் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கு அக்கா. நான் கூடப் போறேன், ஸ்கேன் பத்திக் கேட்டுடறேன்.

மருந்தாளுநர்_திருச்சி

கடைசியாக ஒன்று. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றீர்கள். அந்த மாத்திரை பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். ஒரு கைப்பிடி இரும்பு மாத்திரை சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கும். சாப்பாட்டு மேசையிலோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்காமல், பூட்டிய அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வரும்வரை காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.